வெடித்த ஏர் ஹோஸும் கோவக்காரப் பார்ட்டியும்

மெக்கானிக் ஷெட் கல்லாவில் உட்கார்ந்து பாருங்கள், வண்டிக்கு முன்னால் மனுஷர்கள்தான் கழன்று வருவார்கள். திண்டுக்கல்லில் எங்கள் ஷெட்டில் கிரீஸ் என் வீட்டுக்காரருக்கு, கல்லா எனக்கு. வயசான கார்களில் ஏர் ஹோஸ் வெடித்துவிடும். பில்டரிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகும் ரப்பர் குழாய் அது. வண்டி விசிலடிக்கும், இழுக்காது, நினைத்த இடத்தில் அணைந்துபோகும். கைக்குழந்தைக்காரிகளே, என்னைப் போல நீங்களும் ராத்திரி தூங்காமல் கிடப்பீர்கள், அந்த நேரத்துக்கு இதோ மூன்று ஹோஸ் கதை!

கண் பட்ட இடம்

நெய்க்காரப்பட்டி விவசாயி ஒருவர். கார் இழுக்கவில்லை என்றதும் திருஷ்டி என்று முடிவுகட்டி, வாராவாரம் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கியிருக்கிறார். விசில் நிற்கவில்லை. வீட்டுக்காரர் ஹோஸைக் கழற்றிக் காட்டினார். வெடிப்புக்குள் விரலை விட்டு ஆட்டிப் பார்த்தவர் சொன்னார்: "ஏனுங்க, பட்ட கண்ணு இத்தன கரெக்டா இந்த ரப்பர் மேலயா பட்டுச்சுங்க?"

சுங்குடி

சின்னாளப்பட்டியிலிருந்து ஒரு தம்பதி. பானெட்டைத் திறந்தால், ஹோஸைச் சுற்றி இறுக்கமாக ஒரு சுங்குடித் துணி. கணவர் செய்த வைத்தியம். வீட்டுக்காரர் சுற்றுச் சுற்றாக அவிழ்க்க, அந்த அம்மா கிட்டே வந்து துணியைப் பிடித்துப் பார்த்தார். "ஏங்க, இது என் சேலைல்ல? எனக்குப் புதுசு எடுக்கச் சொன்னா காசில்லைன்னீக, காருக்கு மட்டும் கட்டிவிட்டிருக்கீக!"

எங்கள் வண்டி

ஊரார் ஹோஸையெல்லாம் மாற்றுகிறவர், எங்கள் பழைய காரின் ஹோஸில் மட்டும் சைக்கிள் டியூபைச் சுற்றிவைத்திருந்தார். மதுரை ரோட்டில் அது அணைந்தது. பின்சீட்டில் பாப்பா, முதுகுக்குப் பின்னால் லாரி ஹார்ன். தெரிந்த ஜெபமெல்லாம் சொல்லித் தீர்த்தபிறகுதான் கிளம்பியது. தடுப்பூசிக்கு மறுபடி அதில்தான் போகவேண்டும். ஹோஸை மாற்றச் சொன்னால், "நாளைக்குப் பாப்போம்."

கான்வென்டில் பொய் சொல்லக்கூடாது என்றார்கள். சுற்றிவளைக்கக்கூடாது என்று சொல்லவில்லை. "ஒரு பார்ட்டி வந்திருக்காங்க. கைக்குழந்தைக்காரி, பயங்கரக் கோவக்காரி. இன்னிக்கே ஹோஸ் மாத்தலைன்னா ஷெட் வாசல்லயே உக்காந்துருவாங்களாம்" என்றேன். புது ஹோஸும் ஸ்குரூ டிரைவருமாக எழுந்துவிட்டார். "வண்டி எங்க?"

"நம்ம வாசல்ல."

முறைத்துக்கொண்டே போய் கிளாம்பைத் தளர்த்தினார். பழைய ஹோஸ் அவர் கையிலேயே இரண்டு துண்டாக வந்தது. துண்டுகளைப் பார்த்தார், என் இடுப்பிலிருந்த பாப்பாவைப் பார்த்தார். புதுசை மாட்டி கிளாம்பை இறுக்கினார். கையைத் துடைத்தபின் சொன்னார்: "அந்தப் பார்ட்டிகிட்டச் சொல்லு, அடுத்த தடவை கோவத்தை முதல்லயே காட்டச் சொல்லி."

ஆகவே, மெக்கானிக்கைக் கட்டிய சகோதரிகளே, வீட்டு வண்டி ஓட வேண்டுமென்றால் மனைவி வேலைக்குச் செத்த நேரம் லீவு போட்டுவிட்டு, வாடிக்கையாளராகப் போய் நில்லுங்கள்.