ஒரு க்ளிக், இரண்டு கொக்கி

துவார்னெனே துறைமுகத்தில் படகுப் பாய் தைக்கும் பட்டறையில் அசெனோர் இருபத்திரண்டு வருடமாக ஒரே வேலைதான் செய்கிறாள். படகோட்டிகள் மார்பில் கட்டிக்கொள்ளும் பாதுகாப்புப் பட்டையைத் தைப்பாள். பட்டையில் ஒரு கயிறு, கயிற்று நுனியில் கொக்கி. கொக்கியைப் படகில் மாட்டிவிட்டால் அலை தூக்கியடித்தாலும் ஆள் கடலோடு போகமாட்டான். ஒவ்வொன்றிலும் மணல் மூட்டையைத் தொங்கவிட்டுப் பார்த்துத்தான் வெளியே விடுவாள். அவள் தைத்தது அறுந்ததென்று இன்றுவரை யாரும் வந்து நின்றதில்லை. அந்தக் கர்வம் அவளுக்கு நிறையவே உண்டு, இருக்கட்டுமே.

கணவன் குர்வானோடு தங்கள் சின்னப் பாய்ப்படகில் போகும்போது இருவருக்கும் ஒரு வழக்கம். அவன் கொக்கியை அவள் மாட்டுவாள், அவளுடையதை அவன். தன் விஷயத்தில் மனிதன் அசட்டையாக இருப்பான், துணையின் விஷயத்தில் இருக்கமாட்டான் என்பது அவள் கணக்கு.

அன்று மதியம் விரிகுடாவைத் தாண்டியதும் காற்று திடீரென்று மாறியது. "கொக்கி, கொக்கி!" என்று குர்வான் கத்தினான். இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து, படகின் தரையிலிருந்த இரும்பு வளையத்தைத் துழாவினார்கள். தலைக்கு மேல் தண்ணீர் கொட்டியது. க்ளிக் என்று கேட்டது.

"மாட்டிட்டேன்!" என்றாள்.

"நானும்!" என்றான்.

அடுத்த அலை அவளைத் தூக்கி விளிம்புக்கு அந்தப் பக்கம் எறிந்தது. இடுப்புவரை கடல். கயிறு விறைத்து மார்பை இறுக்கி, அவளை நிறுத்தியது. குர்வான் திட்டிக்கொண்டே இழுத்துப் போட்டான். என் தையலாக்கும் என்று அந்த நடுக்கத்திலும் நினைத்துக்கொண்டாள்.

கரைக்கு வந்தபோது கொக்கியைக் கழற்ற இருவருக்குமே ஞாபகமில்லை. படகைக் கட்ட அவள் மேடைக்குத் தாவினாள்.

"ஏய், என்னை எங்கடி இழுக்குற!" என்று குர்வான் பின்னாலேயே தடுமாறி வந்து விழுந்தான்.

அசெனோர் கயிற்றைப் பார்த்தாள். அவள் கொக்கி அவன் கொக்கியைக் கவ்விக்கொண்டிருந்தது. படகின் வளையத்தில் ஒன்றுமே இல்லை.

"என்னோடத எதுல மாட்டுன நீ?"

"வளையத்துலதான். க்ளிக்னு கேட்டுச்சே."

"அது நான் மாட்டுன சத்தம்."

"அப்ப நான் மாட்டுன சத்தம் எங்க போச்சு?"

ஒரு தடவை கேட்டதா, இரண்டு தடவையா? யோசிக்க யோசிக்க அவளுக்குக் குழப்பம்தான் கூடியது.

"அப்ப என்னை எதுதான் புடிச்சு நிறுத்துச்சு, குர்வான்?"

"என் கால் படகுப் பலகைக்கு அடியில சிக்கிக்கிச்சு. எடுக்க வரலையேன்னுதான் திட்டிக்கிட்டிருந்தேன்."

"சிக்கலேன்னா?"

அவன் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டான். "கழட்டு, போய்க் காப்பி குடிப்போம்" என்றான்.

அவளுக்குக் கை வரவில்லை. வேறொன்றைப் பிடிக்காமல் கொக்கியைத் திறக்காதே என்று, வாங்க வருகிறவர்களிடம் அவளே ஆயிரம் தடவை சொன்னவள். அசையாத சிமெண்ட் மேடையில் நின்றுகொண்டு, ஒரு கையால் அவன் சட்டையைக் கெட்டியாகப் பிடித்த பிறகுதான் மறு கையால் கொக்கியைத் திறந்தாள்.