பக்கத்து வீட்டு ஸ்ட்ரைக்கர்

பக்கத்து வீட்டுக்கு ஒரு ஸ்ட்ரைக்கர் குடிவந்திருக்கிறான் என்ற செய்தியைக் கொண்டுவந்தவர் சித்தப்பா. அவரைப் பிழை சொல்ல முடியாது. தெருமுனைப் பேப்பர்க் கடையில் அப்படித்தான் சொன்னார்களாம். ஆனால் எங்கள் சித்தப்பா எந்தச் செய்தியையும் கை கால் மூக்கு வைக்காமல் வீட்டுக்குள் கொண்டுவந்தது கிடையாது. "தென்னமெரிக்காக்காரனாம், அண்ணை. பராகுவே எண்டு ஒரு நாடாம். ஆளைப் பார்த்தால் நல்ல பொடியன் மாதிரித்தான் கிடக்கு" என்று சொல்லிவிட்டு, பொலிசுக்குக் கேட்டுவிடும் என்பது போலக் குரலைத் தாழ்த்தி, "ஆனால் ஸ்ட்ரைக்கராம்" என்றார்.

அப்பா வாசித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்தார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஐயோ கடவுளே, இஞ்சயும் வந்திட்டாங்களோ?" என்றார்.

நாங்கள் லண்டனின் தோர்ண்டன் ஹீத்தில் குடியிருந்த அந்தக் குளிர்காலத்தில் ஸ்ட்ரைக் என்ற சொல்லுக்கு எங்களுக்குத் தெரிந்த பொருள் ஒன்றுதான். தொலைக்காட்சியைப் போட்டால் வேலைநிறுத்தத்தில் நிற்கும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள். நிறுத்தினால் அவர்களைப் பற்றி அப்பா. அப்பாவுக்கு உதைபந்தாட்டம் தெரியாது என்றும் நினைத்துவிடக் கூடாது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணியில் விளையாடியவர் அவர். ஆனால் அவர் காலத்தில் முன்னுக்கு நின்று கோல் அடிக்கிறவனுக்குப் பேர் 'சென்டர் போர்வேட்'. இங்கிலாந்தில் அவனை வேறு பேர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள் என்பதை எங்களுக்கு ஒருவரும் அறிவிக்கவில்லை.

அதோடு, அப்பாவே ஒரு ஸ்ட்ரைக்கர். கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர், பெரிய வேலைநிறுத்தம் ஒன்றில் நின்றார். நின்றவர்களை அரசாங்கம் ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அவருடைய கந்தோரில் மன்னிப்புக் கேட்டுத் திரும்பிப் போன ஒன்றிரண்டு பேர் தப்பினார்கள். அப்பா கேட்கவில்லை. அதனால்தான் லண்டன், அதனால்தான் பிஸ்கட் பக்டரியில் ஷிப்ட் வேலை, அதனால்தான் சுவரெல்லாம் ஈரம் ஊறும் இந்த வீடு. வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் நின்றுவிடும் ஒவ்வொரு முறையும் அம்மா இந்தக் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்வார். "அண்டைக்கு ஒரு சொல்லு மன்னிப்புக் கேட்டிருந்தால் நான் இந்தக் குளிரில கிடந்து விறைக்கத் தேவையில்லை." அப்பா கொதிகலனைத் தட்டிப் பார்ப்பார். கொதிகலன் அடிக்கடி நின்றது.

ஆகவே பக்கத்து வீட்டுக்காரனை அப்பா மிகுந்த அக்கறையோடு கவனித்தார். அத்தாட்சிகள் தாமாகவே வந்து விழுந்தன. காலையில் போகிறவன் மத்தியானமே வந்துவிடுகிறான். பிறகு முழுநாளும் வீட்டில்தான். வாசற்படியில் ஒரு சோடி சப்பாத்து, அடியில் ஆணி ஆணியாக, சேறு அப்பிப்போய்க் கிடக்கிறது. "சுரங்கத்துக்குள்ள வழுக்காமல் இருக்கத்தான் அந்த ஆணி" என்றார் சித்தப்பா, தானே சுரங்கம் வெட்டியவர் போல. முழங்காலில் கட்டு. "பொலிஸ் குதிரை மிதிச்சிருக்கும்" என்றார் அப்பா. அம்மா கொடியில் காய்ந்த உடுப்பைப் பார்த்தார். ஒரே நிறத்தில் காற்சட்டை, ஒரே நிறத்தில் மேற்சட்டை, எல்லாம் குட்டை. "பாவம், குளிருக்குப் போட ஒரு நீட்டுக் காற்சட்டை இல்லை அந்தப் பொடியனிட்ட" என்றார். எனக்கு அப்போது ஏழு வயது. மேற்சட்டையின் முதுகில் பெரிதாக ஒன்பது என்று எழுதியிருந்ததை நான் கண்டேன். சுரங்கத்தில் ஆளுக்கொரு நம்பர் கொடுப்பார்கள் என்று அப்பா விளக்கினார்.

கடைசியில் ஒருநாள் வேலிக்கு மேலால் அவர் நேரடியாகவே விசாரித்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"யூ ஆர் ஸ்ட்ரைக்கர்?"

"யெஸ், யெஸ். ஸ்ட்ரைக்கர்!" பொடியனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தன்னை ஒருவர் அடையாளம் கண்டுகொண்ட சந்தோஷம்.

எவ்வளவு காலமாக என்று அப்பா ஆங்கிலத்தில் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர் கையை இடுப்பளவுக்குத் தாழ்த்திக் காட்டி, "ஸ்மோல் போய்" என்றார். அந்த உயரத்திலேயே போராட்டத்தில் இறங்கிவிட்டானே என்று அப்பா வியந்தார். இப்போது என்ன பிரச்சினை என்று கேட்டார். பொடியனின் முகம் சுருங்கியது.

"நோ கோல்" என்றார். "ஆல் விண்டர், நோ கோல். எவ்ரிபடி ஆங்ரி."

அவர் சொன்னது பந்துக் கோல். அப்பாவின் காதில் விழுந்தது நிலக்கரி என்று பொருள்படும் ஆங்கிலக் கோல். தமிழில் எழுதினாலும் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான், அந்த மனிதரின் வாயிலும் இரண்டும் ஒன்றாகவே வந்தன. அப்பாவை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

உண்மையில் அந்த ஸ்ட்ரைக்கர் மாமாவின் நிலைமை சுரங்கத் தொழிலாளியின் நிலைமையைவிடப் பெரிதாக மேலானதல்ல. பராகுவேயில் ஏதோ ஒரு சின்ன ஊரில் வெறுங்காலோடு விளையாடத் தொடங்கி, தலைநகரத்து அணிக்குப் போய், அங்கே கோல்களாக அடித்துத் தள்ளியவர். எங்கள் பகுதிக் கிளப் ஒன்று அவரை ஒரு பருவத்துக்கு மட்டும் எடுத்து, வாடகை வீடும் பிடித்துக் கொடுத்திருந்தது. வந்த நாளிலிருந்து ஒரு கோலும் விழவில்லை. சேறு, குளிர், தெரியாத பாஷை, அதற்குமேல் முழங்கால். பங்குனிக்குள் பந்து வலைக்குள் போகாவிட்டால் விமானச் சீட்டுத்தான் என்று சொல்லிவிட்டார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அவர் பாவம் என்று அம்மா சொன்னது மட்டுமே.

அம்மாவுக்கு ஸ்ட்ரைக் செய்கிறவர்களைப் பிடிக்காது. ஆனால் பசியோடு ஒருவன் பக்கத்து வீட்டில் இருக்க அவரால் பொறுக்கவும் ஏலாது. சம்பளமில்லாதவன் எதைச் சாப்பிடுவான் என்று முணுமுணுத்துக்கொண்டே அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் கட்டி என்னோடு கொண்டுபோனார். ஸ்ட்ரைக்கர் மாமா மூடியைத் திறந்தார். "மண்டியோகா!" என்றார். ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு மறுபடியும் "மண்டியோகா, மண்டியோகா" என்றவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"மண்டை இடிக்குதாம்" என்று அம்மா பதறி, என்னை ஓடவிட்டுத் தைலப் போத்தலை எடுப்பித்தார். அந்த மனிதர் மறுபேச்சின்றி நெற்றியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு கிழங்கு முழுவதையும் சாப்பிட்டார். அவருடைய ஊரில் மரவள்ளிக்கு அதுதான் பேர், அங்கே அதில்லாமல் ஒரு சாப்பாடும் இல்லை என்று அறிய எனக்கு எத்தனையோ வருஷம் ஆயிற்று. அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வரத் தொடங்கினார். அம்மா அவரைத் தம்பி என்றே கூப்பிட்டார். அவர் வந்தால் கிழங்குதான். தலையிடிக்குத் தைலமும் பக்கத்தில் இருக்கும்.

மாசி கடைசியில் ஒரு பின்னேரம் மழையில் நனைந்துகொண்டு வந்தார். சித்தப்பா வேலைக்குப் போயிருந்தார். அப்பாவும் நானும் மேசையில் இருந்தோம், அம்மா அடுப்படியில். ஸ்ட்ரைக்கர் மாமா கதிரையில் விழுந்தாற்போல இருந்துகொண்டு, "ஐ கோ பேக். ஃபினிஷ்" என்றார்.

பொடியன் ஊருக்குப் போகிறேன் என்கிறான். அப்பாவுக்கோ, 'கோ பேக்' என்றால் வேலைக்குத் திரும்புவது. அந்தக் கிழமை முழுவதும் தொலைக்காட்சி அதே இரண்டு சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அப்பா எழுந்துபோய் அவருடைய கையைப் பிடித்தார். அப்பா ஒருவரின் கையைப் பிடித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"டோன்ட் கோ பேக்" என்றார். "தே வான்ட் யூ டு கோ பேக். டோன்ட்."

ஸ்ட்ரைக்கர் மாமா தலையை ஆட்டினார். அப்பா தன் நெஞ்சைத் தொட்டார். "ஐ ஆம் ஆல்ஸோ ஸ்ட்ரைக்கர்."

"யூ?" அவர் அப்பாவின் வயிற்றைப் பார்த்தார். நம்ப முயன்றார் என்றுதான் சொல்ல வேண்டும். "பிக் டீம்?"

"வெரி பிக். ஹோல் கவர்ன்மென்ட்."

"ஹவ் மெனி கோல்?"

"நோ கோல்" என்றார் அப்பா. "ஒபிஸ்."

ஒரு கோலும் அடிக்காத இன்னொரு மனிதரைக் கண்டதும் ஸ்ட்ரைக்கர் மாமாவுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். பிறகு என்ன நடந்தது என்று கேட்டார். எல்லோரையும் வெளியே தூக்கிப் போட்டார்கள் என்றார் அப்பா. அணி முழுவதையுமா என்று அவர் திகைத்துக் கேட்க, முழுவதையும்தான் என்றார் அப்பா. நீ திரும்பிப் போனாயா என்று கேட்டார் ஸ்ட்ரைக்கர் மாமா.

"நோ" என்றார் அப்பா. "ஐ டிட் நொட் கோ பேக்."

அடுப்படியில் அம்மா சட்டியை ஓங்கி வைத்த சத்தம் கேட்டது. வழக்கமான வசனம் வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. ஆள் இருக்கிறபடியால் அடக்கிக்கொண்டார் போலிருக்கிறது.

அடுத்த கிழமையே சுரங்கத் தொழிலாளர்கள் ஒன்றும் கிடைக்காமல், பாண்ட் வாத்தியத்தோடு வேலைக்குத் திரும்பினார்கள். அப்பா தொலைக்காட்சியைப் பார்க்காமல் எழுந்து போனார். அந்தச் சனிக்கிழமை காலை, பக்கத்து வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஸ்ட்ரைக்கர் மாமா கோட்டுப் போட்டு டை கட்டி, ஒரு பையோடு வெளியே வந்தார். "வேலைக்குக் காரில ஏத்திக்கொண்டெல்லோ போறாங்கள்!" என்று அப்பா வாசற் படலைக்கு ஓடினார். "டோன்ட் கோ! டோன்ட் கோ பேக்!" என்று தெருவெல்லாம் கேட்கக் கத்தினார். காருக்குள்ளிருந்து ஸ்ட்ரைக்கர் மாமா பெருவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

"இஞ்சருங்கோ, உள்ளுக்கு வாங்கோ, சனம் பாக்குது" என்று அம்மா கூப்பிட்டார். அப்பா வந்து கதிரையில் இருந்தார். அம்மா வைத்த தேத்தண்ணி ஆறிப்போனது. "அவனும் திரும்பிப் போயிட்டான்" என்று மட்டும் சொன்னார். எனக்கு அப்பாவைப் பார்க்க அழுகை வந்தது, எதற்கென்று தெரியவில்லை.

இருட்டி வரும்போது கதவு இடிபட்டது. நான்தான் திறந்தேன். ஸ்ட்ரைக்கர் மாமா என்னைத் தாண்டிப் பாய்ந்து உள்ளே வந்து, "கோல்! கோல்! த்ரீ கோல்!" என்று கத்தி, சேறு பூசிய ஒரு பந்தை அப்பாவின் மடியில் வைத்துவிட்டு, அப்பாவின் தலையைப் பிடித்து உச்சியில் முத்தமிட்டார்.

அப்பா பந்தைப் பார்த்தார். அதை எந்தப் பக்கம் திருப்பினாலும் நிலக்கரியாகத் தெரியவில்லை. சித்தப்பாதான் முதலில் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அட விசரே! அண்ணை, இவன் சென்டர் போர்வேட்!"

பிறகு நடந்ததை எழுத ஏலாது. சித்தப்பா நிலத்தில் உருண்டார். அம்மா சீலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். அப்பாவும் சிரித்தார், கடைசியாக, எல்லோரையும்விட நீளமாக. எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே ஸ்ட்ரைக்கர் மாமாவும் சேர்ந்து சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அவர் அப்பாவைக் காட்டி, தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் திரட்டிச் சொன்னார்: பையைக் கட்டி வைத்திருந்தாராம். பயிற்சியாளர் போ என்றாராம், கூட்டாளிகள் போ என்றார்களாம், தொலைபேசியில் பெற்ற தாயும் அழுது திரும்பி வா என்றாராம். "ஒன்லி யூ" என்றார். "ஒன்லி யூ ஸே, டோன்ட் கோ பேக்."

அந்தப் பருவம் முடிந்ததும் ஸ்பெயினில் ஒரு கிளப் அவரை வாங்கிக்கொண்டது. பிறகு மெக்சிகோ என்று சித்தப்பா சொன்னார். சித்தப்பா சொன்னதில் பாதியைத்தான் நம்பலாம். பல வருஷங்களுக்குப் பிறகு ஸ்ட்ரைக்கர் மாமா தன் நாட்டில் சிறு பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிறார் என்று நானே தேடி அறிந்தேன். மனம் நிறைந்தது. ஆனால் எனக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வருவது அவருடைய கோல்கள் அல்ல. அவர் போனபின் நாங்கள் சாப்பிட இருந்த அந்தச் சனிக்கிழமை இரவு.

அம்மா அப்பாவுக்குச் சோறு போட்டார். மீன் குழம்பு ஊற்றினார். ஊற்றிவிட்டு அகப்பையைக் கையில் வைத்தபடியே நின்றார்.

"நானும் அண்டைக்கு உங்களைத் திரும்பிப் போகாதேங்கோ எண்டு சொல்லியிருக்கலாம்" என்றார்.

சித்தப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார்.

"எங்க போகாதேங்கோ எண்டு? மட்சுக்கோ?" என்று நான் கேட்டேன்.

அப்பா குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் பிசைவது? "பிள்ளைக்கும் மீன் போடும்" என்றார் கடைசியில். அம்மா எனக்கு மீன் போட வந்தவர், என் சோற்றுக் கோப்பையில் போடாமல், இருந்த பெரிய துண்டையும் அப்பாவின் கோப்பையிலேயே வைத்துவிட்டுப் போனார். எனக்கு ஆத்திரமாக வந்தது. கோல் அடித்தவர் ஸ்ட்ரைக்கர் மாமா. ஒன்றும் அடிக்காத அப்பாவுக்கு எதற்கு இரண்டு துண்டு மீன் என்று கேட்டுச் சண்டை பிடித்தேன்.