தரையோடு தரையாக ஒரு நிலைப்படி

காரைக்குடியில் என் பட்டறை. வீட்டு முன்கதவு மட்டும்தான் செய்வேன். கட்டில், பீரோ என்று கேட்டு வருகிறவர்களை அடுத்த பட்டறைக்குக் கைகாட்டி விட்டுவிடுவேன். திமிர் என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும். வருகிறவர்களில் பாதிப்பேர் கொத்தமங்கலத்தில் ஏதோ ஒரு செட்டிநாட்டுப் பெரிய வீட்டின் முன்னால் நின்று எடுத்த படத்தைக் கைபேசியில் நீட்டி, "அச்சு அசல் இதே மாதிரி வேணும்" என்பார்கள். படத்தில் இருக்கும் கதவு எட்டடி உயரம், ஆறடி அகலம். இவர்கள் விட்டிருக்கும் வாசல் மூன்றரை அடி அகலம். அவர்களைப் பேசிப் பேசி ஒரு வழிக்குக் கொண்டுவருவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடும்.

ஒரு நாள் வந்த அந்தப் பெண் படம் எதையும் காட்டவில்லை. பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் வந்து நின்றாள். பின்னாலேயே பைக்கில் வந்த அவள் அப்பா மடக்கிய வீல்சேரை இறக்கி விரித்து வைத்தார். அவளே அதில் மாறி உட்கார்ந்து, மரத்தூள் மேல் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். இருபத்துநாலு வயது இருக்கும். கல்லூரியில் படிக்கும்போது நடந்த விபத்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, இப்போது காரைக்குடியில் ஒரு அலுவலகத்தில் வேலை. இதையெல்லாம் அப்பாதான் சொன்னார். விவசாயக் குடும்பம், அவர் மட்டும் அரசு வேலைக்குப் போனவர். மானகிரியில் வயலை ஒட்டி வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவள் சொன்னது ஒன்றே ஒன்று. "அண்ணே, யாரையும் கூப்பிடாம நானே உள்ள போகணும், நானே வெளிய வரணும். அதுக்கு ஏத்த கதவு செஞ்சு குடுங்க. அழகெல்லாம் உங்க இஷ்டம்."

இத்தனை வருஷத்தில் கதவு எதற்கு என்று எனக்கு யாரும் இப்படிச் சொன்னதில்லை. உட்கார்ந்து அவள் கை எட்டும் உயரத்தை அளந்தேன். வீல்சேரின் அகலத்தை, அவள் முழங்கை வெளியே நீட்டும் தூரத்தோடு சேர்த்து அளந்தேன். அதுவரை எல்லாம் சுமுகம்தான். பிறகு அவள், "கீழ நிலைப்படி வேணாம்ணே" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. உள் அறைகளுக்கு இப்போது யாரும் படி வைப்பதில்லை, சரி. தலைவாசலுக்குப் படி இல்லாமலா? நிலை என்றால் நாலு புறமும் மரம். மூன்று புறம் மட்டும் இருந்தால் அதற்கு நிலை என்று பேரே கிடையாது. வீட்டு லட்சுமி வந்து நிற்கிற இடம் அந்தப் படி. வெள்ளிக்கிழமை மஞ்சளும் குங்குமமும் அதற்குத்தான். அதைத் தாண்டித்தான் போவோம், மிதிக்க மாட்டோம், அதன் மேல் உட்கார மாட்டோம். இதையெல்லாம் அவளிடம் கொஞ்சம் காரமாகவே சொன்னேன்.

"நான் எப்படிண்ணே தாண்டுவேன்?" என்றாள்.

ராத்திரி சாப்பிடும்போதுதான் யோசனை வந்தது. படியை வைப்போம், ஆனால் தரையோடு தரையாகப் புதைத்துவிடுவோம். படியும் இருக்கும், சக்கரமும் தட்டாது. மறுநாள் போனில் சொன்னேன். "அப்படின்னா சரிண்ணே" என்றாள். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்தக் கதவுக்குப் பட்ட பாடு வேறு எதற்கும் பட்டதில்லை. நல்ல முற்றின தேக்கு. ஒற்றைக் கதவு, அவள் தோள் வலிக்காமல் திறக்கும்படி பேரிங் வைத்த கீல். கைப்பிடி இரண்டரை அடியில். வாசலுக்கு வருகிறவரைப் பார்க்கும் கண்ணாடித் துளையும் அவள் உட்கார்ந்தால் கண் மட்டம் வரும் இடத்தில். நல்ல நேரம் பார்த்து நிலை வைத்தோம். படிக்கு அடியில் நவதானியமும் காசும் போட்டு, சுமங்கலிகள் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். படிக்கும் தரைக்கும் ஒரு மயிரிழைகூட ஏற்ற இறக்கம் இல்லை. இருந்தும் நம்பிக்கை வராமல் ஒரு கோலிக்குண்டை வாங்கி உருட்டிப் பார்த்தேன். அது அந்தப் பக்கம் ஓடியே போய்விட்டது.

கிரகப்பிரவேசத்துக்கு என்னை மரியாதையாக முன்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். புது வேட்டி கொடுத்திருந்தார்கள். நெற்குப்பையிலிருந்து அம்மா வழிச் சொந்தம் ஒரு வேன் நிறைய வந்திறங்கியிருந்தது. முதலில் பசுவும் கன்றும் போயின. பிறகு அப்பாவும் அம்மாவும் வலது காலை எடுத்து வைத்துப் போனார்கள். தரையோடு தரையாகத்தான் படி கிடக்கிறது, ஆனாலும் எல்லாரும் பழக்கதோஷத்தில் காலைத் தூக்கித் தாண்டியே போனார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது.

அடுத்து அவள். பட்டுப்பாவாடை மாதிரி ஏதோ கட்டியிருந்தாள், தலை நிறைய மல்லிகை. வாசல் முன்னால் கட்டியிருந்த சாய்தளத்தில் யார் கையும் படாமல் தானே தள்ளி ஏறினாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். முன்சக்கரம் மஞ்சள் பூசிய படியைத் தொடப் போனது.

"படியில ஏத்தாத தாயி!"

யாரடா இப்படிக் கத்துகிறான் என்று திரும்பிப் பார்க்கப் போனேன். என் வாய்தான். என் கையும் முன்னால் நீண்டிருந்தது.

இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அந்தச் சக்கரத்துக்காக அந்தப் படியை இழைத்து இழைத்துத் தரையில் இறக்கியவன் நான். கோலிக்குண்டு உருட்டியவன் நான். ஆனால் நிலைப்படியை மிதிக்கப் போகிற எதைக் கண்டாலும் கத்துவதற்கு, புத்தியைக் கேட்காமல், என் வாய் பழகியிருக்கிறது. நாற்பது வருஷப் பழக்கம். வெட்கத்தில் காது மடல் எரிந்தது. "இல்ல, இல்ல, போ தாயி" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தாய்மாமன்காரர், "ஆசாரியாரு சொல்றாருல்ல, தூக்குங்கப்பா" என்றார். நாலு பேர் நாலு பக்கம் பிடித்து, வீல்சேரோடு அவளைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். குலவை போட்டார்கள். அவள் மடியைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். நான் சொல்ல வந்தது குலவையில் போயே போய்விட்டது.

ஒரு நாள் கூத்து, நாளைக்கு அவள் பாட்டுக்குப் போய்வருவாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

ஐப்பசி மழையில் கதவு ஊதி அடியில் உரசுகிறது என்று அவள் அப்பா போன் செய்தார். மூன்று நான்கு நாள் கழித்து, சாயங்காலம் நாலரை மணி வாக்கில் இழைப்புளியை எடுத்துக்கொண்டு மானகிரி போனேன். மழை சாய்த்து அடித்துக்கொண்டிருந்தது. வீட்டு முன்கதவு விரியத் திறந்து கிடந்தது. அந்தப் பெண் கதவுக்கு வெளியே, போர்ட்டிகோவில், வீல்சேரில் இருந்தாள். மடியில் அலுவலகப் பை. பாதி உடம்பு நனைந்திருந்தது. பின்னல் நுனியில் தண்ணீர் சொட்டியது.

"என்ன தாயி, உள்ள போகல?"

"அப்பா வரணும்ணே."

"எதுக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். "தூக்கி வைக்கத்தான்."

துருவிக் கேட்டுத்தான் விவரம் வந்தது. காலையில் அப்பா வேலைக்குக் கிளம்பும்போது, பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொண்டு அவளைத் தூக்கி வெளியே வைக்கிறார். நாலு மணிக்கு அவள் ஸ்கூட்டரில் வந்து, போர்ட்டிகோவில் விட்டுப்போன வீல்சேரில் மாறிக்கொள்கிறாள். அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் வேலையிலிருந்து வர ஆறு ஆகும். அம்மாவால் தனியாகத் தூக்க முடியாது. ஆக, தினமும் இரண்டு மணிநேரம், திறந்து கிடக்கிற தன் வீட்டு வாசலுக்கு முன்னால் அவள் காத்திருக்கிறாள். இப்படி ஒரு மாதத்துக்கு மேல். முன்பு இருந்த ஓட்டு வீட்டில்கூட அவள் பின்வாசல் வழியாகத் தானே போய்வந்தவள் என்று பிறகு தெரிந்தது. இந்த வீட்டுப் பின்வாசலுக்குச் சாய்தளம் கிடையாது. நான் கதவு செய்து கொடுத்த பிறகுதான் வெளியே நிற்கிறாள்.

"நீ ஏன் தாயி காத்துக்கிட்டு இருக்கே? தள்ளிக்கிட்டுப் போக வேண்டியதுதானே?"

"புது வீடு அண்ணே. நாளைக்கு அப்பாவுக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட என் சக்கரத்து மேலதான் பழி வரும். அம்மா அழுகுது. அது அழுதா என்னால தாங்க முடியல."

பேச்சுச் சத்தம் கேட்டு அவள் அம்மா கையில் துண்டோடு வந்தார். மகள் தலையைத் துவட்டுவதற்கு நிலைக்கு அந்தப் புறமிருந்தே கையை நீட்டினார். அதைப் பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை.

"தங்கச்சி, அன்னைக்கு நான் கத்துனது தப்பு. வாய் தவறிச் சொல்லிட்டேன். இந்தப் படியத் தரையில இறக்குனதே பிள்ளை சக்கரம் போகத்தான்" என்றேன்.

"அப்படிச் சொல்லாதீக அண்ணே. தொழில் தெரிஞ்சவுக நீங்க. நிலை வச்ச கை. உங்க வாயில சும்மாவா அப்படி வரும்? ஏதோ தெய்வம்தான் சொல்ல வச்சிருக்கு."

அடப்பாவி, என் உளறலுக்குத் தெய்வமா பொறுப்பு? கோபம் உச்சிக்கு ஏறியது. அந்த அம்மாள் மேல் இல்லை. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, குங்குமம் வைத்திருந்த அந்தப் படியின் மேல், நட்ட நடுவில், இரண்டு காலையும் ஊன்றி நின்றேன். வாழ்க்கையில் முதல்தடவை. கால் கூசியது. அந்த அம்மாள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பழி வந்தா எனக்கு வரட்டும். அன்னைக்கு மாடு இதை மிதிச்சுத்தானே உள்ள போச்சு?"

"அது லட்சுமி அண்ணே."

"அப்ப இது யாரு?" என்று அவர் மகளைக் காட்டினேன்.

அவர் துண்டை இறக்கி மகளைப் பார்த்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். "நீ வா தாயி" என்று திரும்பினேன். அவள் வரவில்லை. இரண்டு கையும் சக்கரத்தின் மேல் இருந்தன. அசையவில்லை.

"நீங்க கத்துனதுகூடப் பரவால்லண்ணே" என்றாள், படியைப் பார்த்தபடியே. "அன்னைக்கு என் கையை யாரும் பிடிக்கல. சக்கரம் என் கையிலதான் இருந்துச்சு. நீங்க சொன்ன உடனே நானே நிறுத்திட்டேன். ஏன் நிறுத்துனேன்னு இங்க உக்காந்து தெனமும் யோசிக்கிறேன். எனக்கும் உள்ளுக்குள்ள அப்படித்தான் இருந்திருக்கு. நான் மிதிக்கக் கூடாதவள்னு."

அவள் என்னைத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். என் பழக்கம் என் வாயில்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அது இந்தப் பிள்ளையின் கைக்குள்ளும் போய் உட்கார்ந்திருக்கிறது. அதை எந்த உளியை வைத்து நான் எடுப்பேன்?

பிறகு அந்த அம்மாள் என் முழங்கையைத் தொட்டார்.

"அண்ணே, அங்குட்டு நகந்து நில்லுங்க. வழிய மறிச்சுக்கிட்டு நிக்கிறீக."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாசலின் நடுவில் தடியன் மாதிரி நின்றுகொண்டு அவளை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். போர்ட்டிகோ பக்கம் வந்து ஒதுங்கினேன். அந்த அம்மாள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே நாலடி பின்னால் போய் நின்று, "வா" என்றார். நாற்காலியைப் பிடித்துத் தள்ள வரவில்லை.

அவள் ஒரே ஒருமுறை தள்ளினாள். சக்கரங்கள் ஈரமண்ணோடு குங்குமத்தின் மேல் ஏறி உள்ளே போயின. சத்தம்கூட இல்லை. அவ்வளவுதான் வேலை.