பூவரசுக்குப் போட்ட நம்பர்

சுனாமிக்கு அடுத்த கோடை. நான் இரண்டாம் வகுப்பு முடித்திருந்தேன். கோட்டக்குப்பத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த மாமா, லீவுக்குப் போயிருந்த என்னைக் கேரியரில் உட்கார வைத்துக்கொண்டு மரம் பார்க்கக் கிளம்பினார். புதுச்சேரியின் பழைய மரங்களுக்குச் சைக்கிளில் ஆட்களைக் கூட்டிப்போகும் ஒரு அக்கா, மாமாவிடம்தான் வண்டிகள் எடுத்திருந்தார். பஞ்சர் ஆனால் ஒட்ட மாமா. வேடிக்கை பார்க்க நான். மரத்தைப் போய் யாராவது பார்ப்பார்களா என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது.

முதல் மரத்திலேயே வாயைப் பிளந்துவிட்டேன். தெருவையே மூடிக்கொண்டு நின்றது ஒரு தூங்குமூஞ்சி மரம். பொழுது சாய்ந்தால் இலைகளை மடக்கிக்கொள்ளும் என்றார் அக்கா. எனக்கு வேறு சந்தேகம்.

“அக்கா, இலை கொட்டுனா யாரு திட்டுவாங்க?”

எல்லாரும் சிரித்தார்கள். அவர்களுக்கு எங்கள் மரக்காணம் உப்பளத்தைத் தெரியாது. பாத்தியில் இலை விழுந்தால் உப்பு அழுக்காகும். நிழல் விழுந்தால் விளைச்சல் குறையும். எங்கள் அளத்து வரப்பில் இருந்தது ஒரே ஒரு பூவரசு. அம்மா உப்புச் சுமக்கும்போது தம்பியின் தூளி அதில்தான் தொங்கும். இலை கொட்டுகிறதென்று அதை வெட்டப்போவதாக முதலாளி சொல்லியிருந்தார். பிள்ளையை வெயிலில் எங்கே போடுவதென்று அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அக்கா மட்டும் சிரிக்காமல், மரத்தில் வெள்ளையாக எழுதியிருந்த எண்ணைக் காட்டினார். “இது கவர்மென்ட்ல கணக்கெடுத்த மரம் பாப்பா. நம்பர் போட்டுட்டா யாரும் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது.”

அதற்குப் பிறகு எந்த மரத்திலும் நான் இலையையோ பூவையோ பார்க்கவில்லை. நம்பரைத்தான் தேடினேன்.

ஊர் திரும்பியதும், வீட்டில் மிச்சமிருந்த சுண்ணாம்பைக் குழைத்துப் பூவரசில் 131 என்று எழுதினேன். நூறைத் தாண்டினால்தான் மதிப்பு என்று ஒரு நினைப்பு. மூன்றை வழக்கம்போலத் திருப்பிப் போட்டிருந்தேன்.

மறுநாள் கோடரி ஆளோடு வந்த முதலாளி, மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். அளம் இருக்கும் நிலம் அரசாங்கக் குத்தகை. அவருக்குப் பயம் வந்துவிட்டது.

“ஏம்பா, இத யாரு வந்து போட்டாங்க?”

அப்பா அந்த மூன்றையே கொஞ்ச நேரம் பார்த்தார். “யாரோ ஆபீஸ்காரங்க வந்தாங்கங்க. நான் தள்ளி உப்பு வாரிக்கினு இருந்தேன்” என்றார்.

அப்பாவே பார்த்ததாகச் சொன்னதால், நான் எழுதிவிட்டுப் போன பிறகு நிஜமாகவே யாரோ வந்து போயிருக்கிறார்கள் என்று நம்பினேன். கோடரி ஆள் திரும்பிப் போனான்.

ஐப்பசி மழையில் அளமெல்லாம் மூழ்கியது. சுண்ணாம்பு கரைந்து நம்பர் போனபோது நான் அழுதேன். தை பிறந்து, அப்பாவும் அம்மாவும் புது உப்புக்குத் தரையை இறுக்கப் பாத்தி மிதிக்கத் தொடங்கிய அன்று பார்த்தால், மரத்தில் 131 பளிச்சென்று இருந்தது. மூன்று அதேபோலத் திரும்பியிருந்தது. ஆபீஸ்காரர்களே மூன்றை என்னைப் போலத்தான் எழுதுகிறார்கள் என்று டீச்சரிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

அன்றைக்கு அப்பாவின் கைலியில் வெள்ளைத் திட்டுகள் இருந்தன. உப்பு என்றுதான் நினைத்தேன். அந்த வருஷம் இன்னும் உப்பே விளையவில்லை என்பது எனக்குத் தோன்றவில்லை.