பனிமலையில் என்னைத் தோற்கடித்தது யார்?

இந்த வாரம் வேறு எதையோ எழுத நினைத்திருந்தேன். சனிக்கிழமை எல்லாம் தலைகீழாகிவிட்டது.

ஹட்டன் பஜாரில் என் நண்பன் சிவாவின் சீடி கடை. பழைய கேம்களைக் கிளறிக்கொண்டிருந்தபோது கையில் தட்டுப்பட்டது... பனிமலையில் பலகை மேல் நின்று சறுக்கி இறங்கும் அந்த விளையாட்டு!

அந்தக் காலத்துக் கார் ரேஸ் கேம் என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். இதைச் சொன்னால்? "அப்படி ஒன்னு இருந்துச்சா?" என்பார்கள். சிவாவும் அதையேதான் கேட்டான். எனக்கோ, டயகமவில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயத்து வீட்டில், குவைத்திலிருந்து மாமா கொண்டுவந்த கேம் பெட்டியில் வருடக்கணக்காக ஓடிய ஒரே கேம் அதுதான். சீடி கீறல் விழுந்து செத்த அன்று நான் சாப்பிடவில்லை.

கடையிலிருந்த பழைய மெஷினில் போட்டோம். ஓடியது! நேரே சாதனைப் பட்டியலுக்குப் போனேன். கடைசி மலை. முதலிடத்தில் என் பரம எதிரி 'ஏ-ஏ-ஏ' இருப்பானே...

இல்லை. வெறும் கோடுகள். அப்படியானால் அவன் சீடிக்குள் இல்லை, எங்கள் வீட்டுப் பெட்டியில் மட்டும்தான் இருந்திருக்கிறான்.

அவன் யார் என்று சொல்லவில்லையே! ஹட்டனில் ஹொஸ்டலில் தங்கிப் படித்த காலம். ஒரு லீவுக்கு வீட்டுக்கு வந்து பார்த்தால், கடைசி மலையில் என் பெயருக்கு மேலே 'ஏ-ஏ-ஏ'. என்னைவிட நான்கு செக்கன் வேகம். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? எல்லா மலையையும் ஜெயித்தவனுக்கு கேமே ஒரு ரகசிய வீரனை அனுப்புகிறது என்று! அந்த நான்கு செக்கனைக் கடைசிவரை என்னால் பிடிக்க முடியவில்லை.

சிவா ஓர் ஆட்டம் ஆடிக் காட்டினான். "மச்சான், பேர் அடிக்காம சும்மா பட்டன அமுக்கினா மூனு ஏ விழுது. யாரோ விளையாடியிருக்காங்கடா."

யாரோவா? எங்கள் வீட்டிலா? அப்பாவுக்கு டீவி ரிமோட்டே ஒத்துவராது. தங்கச்சி அப்போது முதலாம் வகுப்பு.

வீடு வந்தேன். அம்மா கொழுந்து எடுத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் ஹொஸ்டல்ல இருந்தப்ப என் கேம யாரு தொட்டது?"

"இப்ப என்னத்துக்குடா அது?"

"சும்மா சொல்லுங்க."

"நாந்தான்."



"நீங்களா? கடைசி மலையில வர்ற அந்தப் பெரிய பள்ளத்த எப்படித் தாண்டுனீங்க?"

"அத எதுக்குத் தாண்டணும்? எடப்பக்கம் மரத்துக்குப் பின்னால குறுக்குப் பாத இருக்கு. மலைன்னா குறுக்கு இருக்காதா? நீ ஒரு நாளாவது அந்தப் பக்கம் திரும்பியிருப்பியா?"

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"காலையில இருந்து மலை ஏறிட்டு வர்றவ, அர மணி நேரம் சறுக்கி எறங்கக் கூடாதா? வெளிய தெரிஞ்சா லயமே சிரிக்கும். அதான் பேர் போடல."

நான் விளையாடும்போதெல்லாம் பின்னால் உட்கார்ந்து வெங்காயம் உரித்தவர் அம்மா. ஒரு தடவையாவது கன்ட்ரோலரை அவர் பக்கம் நீட்டியிருப்பேனா? இப்போது எது பெரிய அதிர்ச்சி – அவர் விளையாடியதா, நான் ஒரு நாளும் கேட்காததா?

சீடியை வாங்கிவிட்டேன், மெஷினை சிவா இரவல் தந்திருக்கிறான் என்றேன். இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். வருகிறீர்களா?

அம்மா யோசிக்கவே இல்லை. "அடுத்த ஞாயித்துக்கெழம வச்சுக்க. தோத்தா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

ஞாயிறுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. நான் அந்த மரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன்...