முத்துப்பேட்டைக் கழிமுகத்தில்

வயல் முடிந்து கடல் தொடங்கும் கழிமுகத்தில் வேனை நிறுத்தியிருக்கிறோம். மீன் பிடிக்க நானும் கணவர் சேகரும் எங்கள் கயாக்கை, இருவர் போகும் சிறு துடுப்புப் படகை, இறக்கும்போது ஒரு பெண் ஓடி வருகிறாள்.

“இது தண்ணி கம்மியான எடத்துலயும் போவுமாங்க?”

“போகும். ஏங்க?”

“நேத்து நண்டு புடிக்கப் போன எங்க வீட்டுக்காரரு இன்னும் வரல. தேடப் போன படகெல்லாம் சேத்துல சிக்கிக்குது. கொஞ்சம் பாத்துட்டு வாங்க.”

தூண்டில்களைக் கரையில் போட்டுவிட்டு அலையாத்திக் காட்டுக்குள் துடுப்பு போடுகிறோம். ஒரு குறுகிய வாய்க்காலின் சேற்றில் அவர் குப்புறக் கிடக்கிறார். உயிரில்லை. கயாக்கில் மூன்றாம் ஆளுக்கு இடமில்லை. சேகர் தன் சட்டையைக் கழற்றி அவர்மேல் போர்த்துகிறார்.

கரையேறி, அவளிடம் நான்தான் சொல்கிறேன்.

அவள் அழவில்லை. “தனியாவா விட்டுட்டு வந்தீங்க?” என்று கேட்கிறாள்.