அப்பா தம்பியான செவ்வாய்க்கிழமை

சித்தப்பா பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு ஊர் திரும்பிய வருடம் நான் ஐந்தாம் வகுப்பு. மாஜி ராணுவத்தினருக்கு அரசு தரும் உதவித்தொகைக்கு அவர் மனுப் போட்டிருந்தார். அது வந்தால் மானாம்பதி நிலத்துக் கிணற்றில் மோட்டார் வைக்கலாம். வீட்டுக்கு வந்து விசாரிக்க ஒரு செவ்வாய்க்கிழமை அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது.

அதில்தான் சிக்கல். சித்தப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அப்பாவின் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழைக் காட்டி, அப்பாவின் பெயரிலேயே பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். தெரிந்தால் பென்ஷனும் சேர்ந்து போய்விடும். ஆகவே அன்று ஒரு நாள் சித்தப்பா அண்ணன், அப்பா தம்பி என்று முடிவானது. அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்தார்கள். நான் சித்தப்பாவைப் பெரியப்பா என்று கூப்பிட வேண்டும். மாட்டுக் கொட்டகையில் இரண்டு நாள் சொல்லிப் பழகினேன்.

அதிகாரி பத்தேகாலுக்கு வந்தார். தேவையே இல்லாமல் நான் மூன்று முறை பெரியப்பா என்றேன், அம்மா கிள்ளினாள். சித்தப்பாவுக்குத்தான் வாய் வரவில்லை. பதினேழு வருடம் துப்பாக்கி பிடித்தவர், அண்ணனைப் பார்த்து, "இன்னாடா நின்னுகினு கீற, சாருக்கு மோர் கொண்டா" என்று சொல்வதற்குள் வியர்த்துப் போனார்.

"தோ வரேண்ணா" என்று அப்பா ஓடினார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கடைசியில் அதிகாரி சாட்சிக் கையெழுத்து கேட்டார், தம்பியே போடலாம் என்றார். பழக்கத்தில் தன் பெயரையே எழுதிவிடுவோமோ என்று அப்பா பயந்திருக்க வேண்டும்.

"எனக்குக் கையெயுத்து வராது சார். கைநாட்டு வெக்கிறேன்."

"அண்ணன் எஸ்.எஸ்.எல்.சி., தம்பி கைநாட்டா? உன்னை மாடு மேய்க்க வுட்டுட்டாங்களா?"

"எனக்குப் படிப்பு ஏறல சார்."

சித்தப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

எனக்குச் சிரிப்பு நின்று கோபம் வந்தது. என் வகுப்பில் ரிப்போர்ட் கார்டில் இங்கிலீஷ் கையெழுத்துப் போடும் அப்பா எனக்கு மட்டும்தான் இருந்தார். அதிகாரி போனதும், "ஏம்பா கைநாட்டு வெச்ச? அசிங்கமா கீது" என்றேன். அப்பா கட்டைவிரல் மையை வேட்டியில் துடைத்தபடி, ஒரு நாள்தானே என்றார்.

பணம் வந்தது, மோட்டாரும் ஓடியது. அப்பாவோடு படித்தவர்களெல்லாம் ஆபீஸ் உத்தியோகத்துக்குப் போக, அவர் மட்டும் ஏன் எந்த வேலைக்கும் மனுப் போடவில்லை என்று நான் யோசித்ததில்லை. சான்றிதழ் சித்தப்பாவின் டிரங்குப் பெட்டியில் வீடு திரும்பியபோது அப்பாவுக்கு நாற்பது வயது. இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்கு அப்போது தோன்றவே இல்லை.